சிங்கம் அழாது

அவருக்கு அச்சுக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கைக்குழந்தைகளுக்கு உடுப்புத் தைக்கும் பட்டறை ஒன்றில் துணியில் அச்சடிப்பது அவர் வேலை. தையல் இயந்திரங்களின் வரிசையைத் தாண்டி, சன்னல் ஓரமாக அவருடைய நீண்ட மேசை இருந்தது. அதன்மேல் குட்டிச் சட்டைகளைக் கை விரித்துப் படுக்கவைப்பார். வலைத்துணி கட்டிய சட்டத்தை மேலே இறக்கி, மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. சட்டத்தைத் தூக்கினால் சட்டையின் நெஞ்சில் பூனையோ பூவோ வந்து உட்கார்ந்திருக்கும்.

படத்தோடு வாசகமும் வேண்டும் என்று முதலாளியம்மா கேட்க ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு மவுசு கூடியது. நாலு சொல்லில் நறுக்கென்று எழுத அவருக்கு வந்தது. நீலச் சட்டைக்கு 'அப்பாவின் சிங்கம்', 'வழி விடு, வீரன் வருகிறான்'. ரோஸ் சட்டைக்குக் 'குட்டி தேவதை', 'சமத்துக் குட்டி'. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ஒரு நீலச் சட்டை. சிங்கக்குட்டியின் முகம், அதன் கீழே 'சிங்கம் அழாது'. அந்தச் சட்டை போடுகிற வயதில் எந்தப் பிள்ளைக்கும் அழுவதைத் தவிர வேறு உத்தியோகம் கிடையாது. சட்டையை மாட்டிக்கொண்டு அது வீறிட்டு அழும், சுற்றி நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே வாங்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் மனைவி, ஒரு மகள், மகளுக்குப் பல வருடம் கழித்துப் பிறந்த மகன். மனைவி குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்தாள். வேலைக்குப் போகிற பெற்றோர் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு மாலையில் தூக்கிப் போகிற இடம். மகன் பிறந்த அன்று அச்சுக்காரர் பட்டறையிலிருந்து எடுத்துவந்த முதல் சட்டை எது என்று சொல்லத் தேவையில்லை.

மகளை அவர் "வாடா கண்ணா" என்றுதான் கூப்பிடுவார். மனைவி மகனை "வாடி தங்கம்" என்று கொஞ்சினால் மட்டும் அவர் முகம் கோணும்.

"பையனைப் போயி டி போட்டுக் கூப்பிடுறியே. நாளைக்கு ஊரே கூப்பிடும்."

"பொண்ணை நீங்க டா போடுறீங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"அது செல்லம்."

"இதுவும் செல்லந்தான்."

"அது ஏறுமுகம். இது இறங்குமுகம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளும் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அது நல்ல நகைச்சுவையாகவே கொஞ்ச காலம் ஓடியது.

பையன் மெத்தென்ற சுபாவம். பள்ளி விட்டதும் நேராக அம்மாவின் காப்பகத்துக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துகொள்வான். தவழ்கிற பிள்ளைகளெல்லாம் அவன்மேல் ஏறி விளையாடும். சிணுங்குகிற குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டித் தூங்கவைப்பதில் அவன் அம்மாவையே மிஞ்சினான். ஒருநாள் அவளைக் கூட்டிப்போக வந்த அச்சுக்காரர் அதைப் பார்த்தார். மகன் ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் பிஞ்சு விரல்களுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தான். அவ்வளவு கவனம், நாக்கு நுனி வெளியே தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும், "நாளையிலேர்ந்து மைதானத்துக்குப் போ. பந்து விளையாடு" என்றார்.

பையன் மறுபேச்சு இல்லாமல் மைதானத்துக்குப் போனான். அப்பா சொன்னால் கேட்கிற பிள்ளை அவன். வந்த வினையெல்லாம் அதில்தான்.

அழுவதையும் அப்படித்தான் விட்டான். சின்ன வயதில் ஊசி போட்டால், பட்டம் அறுந்தால், யாராவது சத்தமாகப் பேசினால்கூட அவனுக்குக் கண் நிறைந்துவிடும். "சிங்கம் அழுமா?" என்பார் அச்சுக்காரர். அடித்ததோ மிரட்டியதோ கிடையாது, விளையாட்டுப் போலத்தான் கேட்பார். பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பான். ததும்பியது அப்படியே உள்ளே இறங்கிவிடும். சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் சரளைக்கல் ஏறியபோது, நர்ஸ் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். பையன் மூச்சு விடவில்லை. அச்சுக்காரர் அதைப் பட்டறையில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். "கல்லுளிமங்கன்மா என் பையன்! பெரிய ஆளுங்களே கத்தியிருப்பாங்க." தையல் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அவருக்கு அது பாராட்டாகக் கேட்டது.

அவன் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அது நடந்தது. சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அவன் குனிந்து நிற்பதை அக்கா பார்த்தாள்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. வயிறு. அப்பாகிட்ட சொல்லாத, நாளைக்கு மேட்ச் இருக்கு."

அவள் வெந்நீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் படிக்கப் போனாள். அவளுக்கும் பரீட்சை நேரம். மாலையில் அச்சுக்காரர் வந்து அவன் நெற்றியைத் தொட்டார். கதகதவென்றிருந்தது. வெயிலில் ஆடிய சூடு என்று நினைத்தார்.

"முகமெல்லாம் வாடியிருக்கே. எங்கயாவது வலிக்குதா?"

"இல்லப்பா."

"அதான் என் சிங்கம்."

மறுநாள் காலை வலி விட்டிருந்தது. நிஜமாகவே விட்டிருந்தது. குடல்வால் வெடித்தால் கொஞ்ச நேரம் அப்படி விடுமாம், டாக்டர் பிறகு சொன்னார். பையன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனான். மத்தியானம் மைதானத்தின் ஓரத்தில் மடங்கி விழுந்தான்.

அறுவை முடிந்து வெளியே வந்த டாக்டர், வயிறெல்லாம் சீழ் பரவிவிட்டது என்று சொல்லிவிட்டு, "எப்போ ஆரம்பிச்சது வலி?" என்று கேட்டார். தாயும் தகப்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இந்த வலிக்குப் பெரியவங்களே ஊரைக் கூட்டிடுவாங்க. இவன் ஒண்ணுமே சொல்லலையா?" என்றார் மறுபடியும். அவர் குற்றம் சொல்லவில்லை, வியந்துதான் கேட்டார். "முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா அப்படி வந்தும் சில பேருக்கு இப்படி ஆகியிருக்கு, நிச்சயமா சொல்ல முடியாது" என்றும் சொன்னார். அச்சுக்காரர் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.

தீவிர சிகிச்சை அறைக்குள் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விடுவார்கள். அவர் முறை வந்தபோது பையன் விழித்திருந்தான். மூக்கில் குழாய். இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வழிந்து காதுகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் அவசரமாகத் தலையைத் திருப்பப் பார்த்தான், முடியவில்லை.

"நான் அழலப்பா. கண்ணுல தண்ணி தானா வருது."

அழு என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அந்தச் சொல் அவர் வாய்க்குப் பழக்கமில்லாத சொல். வரவில்லை. பக்கத்திலிருந்த பஞ்சை எடுத்து அவன் கண்ணைத் துடைத்துவிட்டார். மறுபடி வழிந்தது. மறுபடி துடைத்தார். அப்படித் துடைத்துக்கொண்டே இருந்தபோது நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள்.

அதற்குப் பிறகு பையன் பேசவில்லை. சில நாள் இயந்திரங்கள் அவனுக்காக மூச்சு விட்டன. பிறகு அவையும் நின்றன.

இறுதிச் சடங்கில் அவருடைய அண்ணன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நீ உடைஞ்சா வீடே உடைஞ்சிடும்டா. ஆம்பளை நீ தாங்கணும்" என்றார். அச்சுக்காரர் தாங்கினார். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், வாசல்வரை போய் வழியனுப்பினார். எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் போனார்கள்.

வேலைக்குத் திரும்பினார். முதலாளியம்மா நல்ல மாதிரி. கொஞ்ச காலம் அவருக்கு வாத்தும் மேகமுமாகவே கொடுத்தாள். ஆனால் கடைகள் கேட்டது சிங்கத்தைத்தான். வேறு ஆளை வைத்து அடித்துக்கொள்வதாக அவள் சொன்னபோது, "நானே அடிக்கிறேம்மா, எனக்கென்ன" என்றார்.

நீலச் சட்டைகளைப் பரப்பினார். முதல் சட்டையில் கட்டையை இழுத்தார். சட்டத்தைத் தூக்கினார். எழுத்து ஈரமாகப் பளபளத்தது. தூக்கிய சட்டத்தை இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். வலையிலிருந்து மை சொட்டுச் சொட்டாகச் சட்டைகள்மேல் விழுந்தது. தையல் பெண்களில் ஒருத்தி, "அண்ணே, மை கொட்டுது" என்றாள். அவர் சட்டத்தைத் தொட்டிக்கு எடுத்துப் போய் மருந்தைத் தேய்த்துக் கழுவினார். மையோடு எழுத்தின் அச்சும் கரைந்து, வலை வெறும் வலையாகிவிட்டது.

"கழுவிட்டீங்களா? மாஸ்டர் அச்சாச்சே அது!" என்றாள் முதலாளியம்மா.

"கழுவிட்டேம்மா."

அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. வேறு இடத்தில் புது அச்சு எடுத்தார்கள். சிங்கம் தொடர்ந்து விற்றது.

பட்டறையில் தையல் கோணிய, கழுத்துப் பிசகிய சட்டைகளை ஒரு மூட்டையில் போட்டுவைப்பார்கள், துடைக்கிற துணிக்காக. சாயம் ஏறாத வெள்ளைச் சட்டைகளாக அதிலிருந்து பொறுக்கி அவர் வீட்டுக்கு எடுத்துவந்தார். விடுமுறை நாட்களில் பின்னறையில் உட்கார்ந்து தம் கையெழுத்திலேயே அச்சு வெட்டினார். ஒரு சட்டைக்கு ஒரு வாசகம். 'சிங்கம் அழுமா?' 'எழுந்திரு, ஒண்ணும் ஆகல.' 'பொம்பளப் பிள்ளையா நீ?' 'மைதானத்துக்குப் போ.' 'அதான் என் சிங்கம்.' யோசித்து எழுதியது ஒன்றும் இல்லை. எப்போதோ சொன்னவையெல்லாம் தாமே வரிசையாக வந்தன. ஏன் இவ்வளவு சின்னச் சட்டையில் என்று பிறகு ஒருவர் கேட்டபோது, "நான் சொல்ல ஆரம்பிச்சப்போ அவன் இந்த அளவுதாங்க இருந்தான்" என்றார்.

மனைவி காப்பகத்திலிருந்து வந்து பின்னறைக் கதவைத் திறந்தாள். சுவருக்குச் சுவர் கொடி கட்டி, குட்டிச் சட்டைகள் கைவிரித்துத் தொங்கின.

"என்னங்க இது?"

அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் வெளுத்தது.

"என் புள்ளையைக் கொடியில காயப்போட்டு வச்சிருக்கீங்களே."

"அவன் இல்ல இது. இது நான்."

"நீங்கன்னா உங்க அளவுச் சட்டையில எழுதுங்க!" என்று கத்தினாள். "நெஞ்சு வெடிக்குதுங்க எனக்கு. ஒரு நாள் என்கூட உட்கார்ந்து அழல நீங்க. இங்க வந்து அச்சடிச்சிட்டிருக்கீங்க."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அந்த அறைக்குள் அவள் பிறகு வரவேயில்லை. பெருக்குவதற்குக்கூட வாசற்படியோடு நிறுத்திக்கொண்டாள். சோறு போட்டாள், சட்டை தோய்த்தாள், பேச வேண்டியதைப் பேசினாள். நடுவில் மட்டும் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. இருவரும் அதைச் சுற்றியே நடந்தார்கள்.

மகள் வெளியூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். விடுமுறைக்கு வந்தவள் அறையைப் பார்த்தாள். நிதானமாக எல்லாவற்றையும் படித்தாள். அப்பா பக்கத்தில் நின்றார், பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி.

"எல்லாம் அவனுக்குச் சொன்னது."

"ஆமாம்மா."

"எனக்குச் சொன்னது எங்கப்பா?"

அவருக்குப் புரியவில்லை. "உனக்கு என்னடா சொன்னேன் நான்? உன்னை ஒரு சொல் சொன்னதில்லையே."

"மாடிப்படியில விழுந்து என் கை முறிஞ்சுதே, ஞாபகம் இருக்கா? ராத்திரியெல்லாம் அழுதேன். 'நீலிக் கண்ணீர் வடிக்கிறா, ஸ்கூலுக்குப் போகாம இருக்க நாடகம்'னு சொன்னீங்க. மறுநாள் வீங்கின பிறகுதான் கூட்டிட்டுப் போனீங்க." அவள் குரல் உயரவில்லை. "அவனை அழக் கூடாதுன்னீங்க. நான் அழுதா நம்பல. அவன் கடைசியா என்கிட்டதான் சொன்னான், வயிறு வலிக்குதுன்னு. உங்ககிட்ட வந்து நான் சொல்லியிருக்கலாம். சொன்னா என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். ஆம்பளப் புள்ளைக்கு வயித்து வலி எல்லாம் ஒரு வலியான்னு கேப்பீங்க. அவனும் என்னைத் திட்டுவான். அதான் வெந்நீர் போட்டுக் கொடுத்தேன்."

அச்சுக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். இதுவரை அவர் ஒரு பிள்ளைக்காகத்தான் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இன்னொரு பிள்ளை இத்தனை நாளும் இதைச் சுமந்துகொண்டு சுற்றியது அவருக்குத் தோன்றவேயில்லை. மகளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, மூட்டையிலிருந்து அவளே ஒரு சட்டையை எடுத்து மடியில் விரித்தாள்.

"எழுதுங்க. நீலிக் கண்ணீர்."

அந்த விடுமுறை முழுவதும் அவள் சொன்னாள், அவர் வெட்டினார். 'பல்லைக் காட்டாத.' 'மெதுவாச் சிரி.' 'காலைச் சேர்த்து உட்காரு.' 'தம்பிக்கு விட்டுக்கொடு, நீ பொண்ணு.' சொல்லும்போது சில இடங்களில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இதை எழுதுங்கப்பா, இது சூப்பர்" என்றாள் ஒருமுறை. அவரும் சிரித்தார். உடனே இருவரும் நிறுத்திக்கொண்டார்கள், வீட்டில் யாரோ தூங்குகிறாற்போல.

அவற்றைப் பொது நூலகத்தின் கீழ்க்கூடத்தில் தொங்கவிட ஏற்பாடு செய்தது மகள்தான். நூலகர் அறிவிப்புப் பலகையில் 'கலைக் காட்சி' என்று எழுதியபோது அச்சுக்காரர் பதறினார். "கலையெல்லாம் இல்லைங்க சார், சட்டைங்க." நூலகர் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

கூடத்தின் நீளத்துக்குக் கொடிகள். ரோஸ், நீலம் எதுவும் இல்லாமல், பையனுக்குச் சொன்னதும் பெண்ணுக்குச் சொன்னதும் கலந்தே தொங்கின. செய்தித்தாள் படிக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். வயிற்றில் பிள்ளையோடு வந்த ஒரு பெண் கணவன் கையைப் பிடித்து ஒரு சட்டை முன்னால் நிறுத்தினாள், அவன் கையை உதறிக்கொண்டு நகர்ந்தான். ஒருவர் கைகட்டிக்கொண்டு நின்று, "நாங்கல்லாம் இப்படித்தான் வளர்ந்தோம். கெட்டா போயிட்டோம்?" என்று கேட்டார்.

"என்கிட்ட கேக்காதீங்க சார்" என்றார் அச்சுக்காரர். "நானும் அப்படித்தான் வளர்ந்தேன்."

முதலாளியம்மாவும் வந்தாள். முழுவதையும் படித்தாள். போகும்போது அவரைத் தனியே அழைத்தாள். "உங்களைப் போகச் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா நான் விக்கிறதை நீங்க இங்க தொங்கவிட்டிருக்கீங்க. இனிமே ரெண்டு பேரும் எப்படி முகம் பார்த்து வேலை செய்யறது?" அதில் நியாயம் இருந்தது. அவர் அந்த வாரமே விலகிக்கொண்டார். துணிப்பைகளுக்கு அச்சடிக்கும் ஒரு கடையில் சேர்ந்தார். அங்கே கடைப்பெயரும் தொலைபேசி எண்ணும்தான், யோசிக்க ஒன்றும் இல்லை.

காட்சியின் கடைசி நாள், கூடம் காலியாக இருந்த நேரத்தில், மனைவி வந்தாள். காப்பகத்துச் சேலையோடு, தோளில் ஏதோ குழந்தை கக்கிய பால் கறையோடு வந்தாள். அவரைப் பார்க்காமல் கொடி ஓரமாகவே நடந்தாள். ஒரு சட்டை முன்னால் நின்றாள். 'அப்பா வர்றார், கண்ணைத் துடை.'

துணிக் கவ்வியை எடுத்து அதைக் கையில் வாங்கினாள்.

"இதை நீங்க சொல்லல."

"இல்ல. வாசல்ல செருப்பைக் கழட்டும்போது கேட்டிருக்கேன். ஆனா என்னாலதானே நீ சொன்ன?"

"உங்களாலதான். ஆனா சொன்னது நான்." படிப்பு மேசையின் பெஞ்சில் உட்கார்ந்தாள். சட்டை மடியில் கிடந்தது. "அங்க அத்தனை புள்ளைங்களையும் அழ விடுவேங்க. அழட்டும், அழுதா நெஞ்சு விரியும்னு பெத்தவங்களுக்கே புத்தி சொல்வேன். வீட்டுக்கு வந்தா என் புள்ளைகிட்ட இதைத்தான் சொன்னேன். உங்க முகம் சுளிக்கக் கூடாது, வீட்டுல சண்டை வரக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு அப்போ."

அவர் எதிரே நின்றார். உட்காரவும் தெரியவில்லை, அவளைத் தொடவும் தெரியவில்லை. அவளே பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். நூலகர் விளக்கை அணைக்க வந்தவர், இருவரையும் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார். எழுந்து புறப்படும்போது அவள் அந்தச் சட்டையைத் தானே மறுபடி கொடியில் மாட்டினாள்.

காட்சியைப் பார்த்திருந்த ஒரு நர்ஸ், தான் வேலை செய்யும் பிரசவ விடுதியின் நடைவழியில் அவற்றை மாட்ட அனுமதி வாங்கித் தந்தாள். பிள்ளை பிறந்த கையோடு பெற்றவர்கள் பார்த்தால் நல்லது என்று அவள் நினைத்தாள். இந்த முறை மனைவியும் கூட வந்து கவ்வி மாட்டினாள். சில நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு, பேரப்பிள்ளை பார்க்க வந்த ஒரு பெரியவருக்கு யாரோ விவரம் சொல்லிவிட்டார்கள். அச்சுக்காரர் அங்கே இருந்தபோதே அவர் கூச்சல் போட்டார்.

"பொறந்த புள்ளை கண்ணு முழிக்கிற இடம் இது! இங்க வந்து செத்த புள்ளை சட்டையை மாட்டியிருக்கீங்களே, மனுஷங்கதானா நீங்க?"

"அவன் போட்ட சட்டை இல்லைங்க. எல்லாம் புதுசு."

"எழுத்து அவனுக்குச் சொன்னதுதானே?"

அறைக் கதவுகள் திறந்தன. பச்சை உடம்புக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அச்சுக்காரர் மளமளவென்று சட்டைகளைக் கழற்ற ஆரம்பித்தார். நர்ஸ் மன்னிப்புக் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினார். மனைவி கடைசிவரை நின்று கவ்விகளைப் பொறுக்கினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், மடியில் பையை வைத்துக்கொண்டு, "அவர் சொன்னது தப்பில்ல" என்றார்.

"தப்பில்ல" என்றாள் அவள். "சரின்னும் எனக்குத் தோணல."

சட்டைகள் மடித்த மடிப்போடு அலமாரியில் கிடந்தன. மகள் தொலைபேசியில் கேட்டால், "பார்க்கலாம்மா" என்பார். பார்ப்பதற்கு ஒன்றும் வரவில்லை. கண்காட்சி பார்த்தவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். கடைகளில் நீலம் ஒரு பக்கமும் ரோஸ் ஒரு பக்கமுமாக அப்படியே அடுக்கியிருந்தது. அவர் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் வேலைக்குப் போனார்.

மனைவிதான் ஒரு காலையில் அலமாரியைத் திறந்து சட்டைகளில் இரண்டை எடுத்தாள். 'பொம்பளப் பிள்ளையா நீ?' ஒன்று, 'நீலிக் கண்ணீர்' இன்னொன்று. காப்பக மேலாளரிடம் கேட்டு, பெற்றோர் பிள்ளைகளை விட்டுச் செல்கிற முன்னறையில், செருப்பு அலமாரிக்கு மேலே மாட்டினாள். யார் எழுதியது, எதற்கு எழுதியது என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் அவசரத்தில் நிமிர்ந்தே பார்ப்பதில்லை என்று வீட்டில் வந்து சொன்னாள். அவர் தலையாட்டினார்.

ஒருநாள் சாப்பிடும்போது அவளாக ஆரம்பித்தாள். "இன்னிக்கு ஒரு அப்பா வந்தார். பையன் அக்காவோட பொம்மையைக் கட்டிப்பிடிச்சுட்டே வந்திருக்கான். வாசல்ல வச்சு அவர், 'கொடுத்துடு, பொம்பளப் பிள்ளையா நீ'ன்னு ஆரம்பிச்சார். சொல்லிட்டே நிமிர்ந்தார். எதிர்ல அதே எழுத்து."

அச்சுக்காரர் கை தட்டில் நின்றது. "என்ன பண்ணார்?"

"முகத்துல ஈயாடல. என்னைப் பார்த்து, 'சும்மா சொன்னேன்'னார்."

"பொம்மையை அவன்கிட்டயே விட்டுட்டாரா?"

"இல்லைங்க. வாங்கிட்டார். பிடுங்கல, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டார்."

"ம்."

"பையன் அழுதான். எப்பவும் சட்டுனு விட்டுட்டு ஓடிடுவார் அவர். இன்னிக்கு நின்னார். அவன் அழுது ஓயற வரைக்கும் செருப்பைக் கையில பிடிச்சுட்டு நின்னுட்டுத்தான் போனார்."

சோறு தட்டில் ஆறிப்போயிற்று.

"ரொம்ப நேரம் அழுதானா?" என்று கேட்டார்.

"நல்லா அழுதான்" என்றாள் அவள்.